இன்னும் ரெண்டு பேர் ஏறலாம்

சுருளிவேலின் ஜீப் ஆள் நிறையாமல் நகராது என்பது பஞ்சுக்கிட்டங்கித் தெருவில் பால் ஊற்றுகிறவர் வரைக்கும் தெரிந்துபோன பிறகும், அவர் மட்டும் தினமும் காலையில் அதில் தனியாக ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, முதல் கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல விட்டு, நகராத வண்டியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்கி வந்தார். தெரு அதை ஒரு பழக்கமாக எடுத்துக்கொண்டது. சிலர் காலையில் நடக்கப் போவார்கள், சிலர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், சுருளிவேல் ஜீப்பில் உட்கார்ந்திருப்பார்.

போடிநாயக்கனூரிலிருந்து மலையேறி மூணாறு போகும் பஸ்ஸில் அவர் முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர். முப்பது வருடமும் அவருடைய முழங்கை யாரோ ஒருவர் விலாவில் இருந்தது, யாரோ ஒருவர் முழங்கை அவர் விலாவில் இருந்தது. ஏலக்காய் மூட்டைக்கும் கைக்குழந்தைக்கும் வாந்தியெடுக்கிறவருக்கும் நடுவே ஒற்றைக் காலில் நின்று டிக்கெட் கிழித்தபடி, "உள்ள போங்க, உள்ள போங்க, இன்னும் ரெண்டு பேர் ஏறலாம்" என்று அவர் சொல்லாத நாள் இல்லை. அந்த வாக்கியம் மூச்சு மாதிரி தானாக வந்தது. வீட்டு விசேஷத்தில் பந்தி நடத்தும்போதும் வந்தது, ஒரு முறை சுடுகாட்டிலும் வந்துவிட்டது.

அந்த மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றில், தார்ச்சாலையை விட்டு இடப்பக்கமாக ஒரு செம்மண் தடம் பிரிந்து, புல்லுக்குள் ஏறி, ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டு மறையும். பஸ் அந்த வளைவில் திணறித் திரும்புகிற நேரம் மட்டும் அது ஜன்னலில் தெரியும். அங்கிட்டு என்ன இருக்கிறது என்று அவர் தன்னோடு ஓடிய டிரைவர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்கிறார். "என்னமாச்சும் இருந்தா பஸ் விட்டுருக்க மாட்டாங்களா?" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பஸ் போகாத இடம் என்பதே அவருக்குப் போதிய காரணமாக இருந்தது. ஓய்வு பெற்றதும் ஒரு ஜீப் வாங்கி, பக்கத்தில் ஒருவரும் நிற்காமல், பின்னால் ஒருவரும் இருமாமல், தன்னந்தனியாக அந்தத் தடத்தில் ஏறிப் பார்ப்பது என்று அவர் எப்போதோ முடிவு செய்துவிட்டார்.

வாங்கிய ஜீப், ஏலத்தோட்டங்களுக்குக் கூலிப் பெண்களை ஏற்றிப்போய் ஏற்றிவந்த பழைய ட்ரிப் வண்டி. டிராக்டரில் கட்டி இழுத்து வந்தபோது அதன் தரையிலிருந்த ஓட்டை வழியாக ஒரு எருக்கஞ்செடி வளர்ந்து பூத்திருந்தது. வீட்டோடு சேர்த்துத் தகரக் கொட்டகை போடுவதற்காகத் துணிக்கொடி கட்டிய கல்தூண்கள் இரண்டையும் பிடுங்கினார்கள். மெக்கானிக் சிக்கந்தர் தன் பட்டறையைச் சாத்திவிட்டு மத்தியானங்களில் வந்தார். இருவருமாக வண்டியை எலும்பு வரைக்கும் உரித்தார்கள். உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்தார்கள், தேய்க்கத் தேய்க்கத் தகரமே போய்விட, புதுத் தகரம் வெட்டிப் பற்றவைத்தார்கள். எஞ்சினை இறக்கி, பிரித்து, கழுவி, ஏற்றி, எண்ணெய் ஒழுகுகிறது என்று மறுபடியும் இறக்கினார்கள். ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி வண்டியை முழங்கால் உயரம் தூக்கி நிறுத்தினார்கள், நாலு சக்கரத்துக்கும் சேற்றில் பிடிக்கிற முரட்டு டயர் போட்டார்கள், ஸ்டியரிங்கை லேசாக்கினார்கள், முன் பம்பரில் சேற்றிலிருந்து தன்னைத்தானே இழுத்துக்கொள்ள ஒரு வின்ச்சும் கொக்கியும் மாட்டினார்கள். பின்னால் இருந்த இரண்டு நீள பெஞ்சுகளையும் அறுத்து எறிந்தார்கள். முன்னால் வைக்க, ஒரு ஆள் மட்டும் உட்காருகிற பக்கெட் சீட் வாங்க மதுரைக்குப் போன சுருளிவேல், கடையில் நெடுநேரம் யோசித்து நின்று, ஒன்றே ஒன்று வாங்கி வந்தார். இடப்பக்கம் டூல் பாக்ஸ் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

"ஏண்ணே, அப்ப மதினி எங்க உக்காரும்?" என்று சிக்கந்தர் கேட்டார்.

"அவளுக்கு மலை ஆகாது, சிக்கந்தரு. வாந்தி."

அவருடைய மனைவி போதுமணி, அப்போது கொட்டகை ஓரத்துக் குழாயடியில் இட்லிச் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

போதுமணி என்பது அந்தப் பக்கத்தில் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ பிறக்கிற பெண்ணுக்கு வைக்கிற பெயர். இவள் நாலாவது. இவளுக்கு அடுத்துப் பையன் பிறந்தான், பெயர் வேலை செய்துவிட்டது என்று ஊரே மெச்சியது. கல்யாணமாகி வந்த வாரத்திலேயே அவள் புருஷனிடம், தன் பெயரின் முன்பாதி இந்த வீட்டுக்குள் யார் வாயிலிருந்தும் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். "பேரா அது? மூஞ்சிக்கு நேரா கதவச் சாத்துன சத்தம்." சுருளிவேல் அதைக் காப்பாற்றினார். அவளை மணி என்று கூப்பிட்டார், தெரு மணியக்கா என்றது. அந்த வீட்டில் சாப்பிடும்போது சோறு வேண்டாமென்றால் தட்டுக்கு மேல் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார்கள். விருந்தாளிகளும் அப்படியே. டீ ஊற்றும்போது சிக்கந்தரும் கையைத்தான் விரிப்பார். கண்டக்டர் வேலைக்கும் அந்தச் சொல் தேவைப்படாததால், சுருளிவேலின் நாக்கு அதை மறந்தே போயிருந்தது.

இலைப்பச்சை பெயிண்ட் காய்ந்த அன்று வண்டி முதல் தடவையாக ஸ்டார்ட் ஆனது. எஞ்சின் சத்தம் ஒரு பிசிறு இல்லாமல் வந்தது. சுருளிவேல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார். எஞ்சின் ஓடியது, வண்டி நின்றது. ஜாக்கி வைத்துத் தூக்கினால் நாலு சக்கரமும் அந்தரத்தில் சுழன்றன, தரையில் இறக்கினால் நின்றன. சிக்கந்தர் கியர் பாக்ஸை இறக்கினார், ஒன்றும் இல்லை, ஏற்றினார். கிளட்ச் பிளேட்டை மாற்றினார். மறுபடியும் கியர் பாக்ஸை இறக்கினார். தொழுகைக்குப் போகும்போதும் கையில் கிரீஸ் போகவில்லை என்று வீட்டில் திட்டு வாங்கினார்.

"கிளட்ச்ச விட்டா ஒண்ணு வண்டி போகணும், இல்ல எஞ்சின் அணையணும்," என்று அவர் ஸ்பானரைத் தரையில் போட்டார். "ரெண்டும் இல்லாம உறுமிக்கிட்டே ஒரே எடத்துல நிக்கிறதுக்கு இது என்னண்ணே, கூட்டணியா?"

வண்டி போகாவிட்டாலும் அழகாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரு அதில் ஏறிப் படம் எடுத்துக்கொள்ள வந்தது. எதிர் டீக்கடைக்காரர் காசிமாயன் கீழே செல்போனோடு நின்று, புகை வந்தால்தான் படம் நன்றாக இருக்கும் என்று எஞ்சினை ஓட்டச் சொன்னார். சுருளிவேல் தன் ஒற்றைச் சீட்டில் உட்கார்ந்து ஓட்டினார், கியர் காலையில் போட்டபடியே கிடந்தது. பின்னால் ஆள் ஏற ஏற அவர் வாயிலிருந்து, "உள்ள போங்க, உள்ள போங்க, இன்னும் ரெண்டு பேர் ஏறலாம்" என்று வந்தது. ஏறினார்கள். தோட்ட வேலைக்குப் போகிற சீனித்தாய் சக்கரத்தின் மேல்மூடிக்கும் யாரோ ஒருவருடைய முட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அலறினாள்.

"போதும்யா! இடுப்பு ஒடியுது!"

ஜீப் புறப்பட்டது. தெருமுனை வரைக்கும் போனது. பிரேக் நன்றாகப் பிடித்தது.

யாரும் பெரிதாக வியக்கவில்லை. இறங்கி, இடுப்பைத் தடவிக்கொண்டு, சீனித்தாய்தான் விளக்கினாள். "இது யாரு வண்டி? எங்க ஸ்டாண்டு வண்டி. இதுல நான் எத்தன வருசம் போயிருக்கேன். ஆள் ரொம்பாம ஸ்டாண்ட விட்டு ஒரு வண்டி கிளம்பி நான் பாத்ததில்ல. பழகுன பழக்கம் எங்க போகும்?" காசிமாயன் செல்போன் படத்தில் தலைகளை எண்ணினார். டிரைவரோடு சேர்த்துப் பதினாலு. சிக்கந்தர் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப கியர் பாக்ஸ்ல குத்தமில்ல," என்றார். அவருக்கு வேண்டியது அதுதான். வாசலில் நின்ற போதுமணி, வண்டி போன திசையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனாள்.

பதினாலு என்ற எண்ணை சுருளிவேல் ஏமாற்றப் பார்த்தார். பதின்மூன்று ஆள் எடைக்கு மணல் மூட்டை ஏற்றினார். வண்டி மணலைச் சட்டை செய்யவில்லை. சந்தைக்குப் போகிற ஆடுகளைக் கேட்டு வாங்கி ஏற்றினார். அவை புழுக்கை போட்டதுதான் மிச்சம். போன தேர்தலில் நின்றவர்களின் ஆளுயரத் தட்டிகளை வரிசையாக நிறுத்தினார். "தோத்தவங்கள எல்லாம் ஏத்துனா எப்படிண்ணே வண்டி நகரும்?" என்றார் காசிமாயன். எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, அலமாரியிலிருந்து தன் பழைய விசிலை எடுத்துவந்து, பின்பக்கத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்" என்று ஊதினார். தெருவில் போன மினி பஸ்தான் குழம்பிப்போய்க் கிளம்பியது.

தெரு அவரை விட வேகமாக அந்த வண்டியோடு ஒத்துப்போனது. தனியாக ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது, ஆனால் பதின்மூன்று பேருக்கு வேலை இருக்கிற ஒரு நாளில் எல்லோரும் போகலாம் என்றானபோது, தெருவுக்கே ஒரே நாளில் மூட்டு வலித்தது, ஒரே நாளில் ஆதாரில் பெயர் திருத்த வேண்டியிருந்தது, ஒரே நாளில் பெண் பார்க்கப் போக வேண்டியிருந்தது. காசிமாயன் தன் டீக்கடை முன்னால் நின்று, "ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, ஏறுனா எடுத்துரலாம்" என்று கூவினார், அதனால் டீயும் அதிகம் போனது. சுவர்த் தகராறில் பல வருடமாகப் பேசாதிருந்த இரண்டு குடும்பங்கள் கணக்குக்காக ஒன்றாக ஏறி ஒட்டி உட்கார்ந்தன. பேசவில்லை, உட்கார்ந்தன. தரையில் உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது என்று சொல்லி, சுருளிவேல் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், சிக்கந்தரை வைத்தே பின்னால் இரண்டு மரப் பெஞ்சுகளை போல்ட் போட்டு இறுக்கினார்கள். வண்டி உயரமாக இருக்கிறது, டயரைக் கொஞ்சம் சின்னதாக மாற்றக் கூடாதா, நாங்கள் என்ன ஏணியோடா வர முடியும் என்றும் கேட்டார்கள். வின்ச்சின் கொக்கியில் போதுமணி துணிக்கொடியைக் கட்டினாள். தூணைப் பிடுங்கியவர் அதை அவிழ்க்கச் சொல்ல முடியாது.

கணக்கில் சிக்கல்கள் வந்தன. ஒரு நாள் பன்னிரண்டு பேர் ஏறியபோதே ஒரு பெண், "அடிச்சு நெருக்காதீங்கடா, போதும், மூச்சு முட்டுது" என்று கத்த, வண்டி கிளம்பிவிட்டது. அவள் நிறைமாதக்காரி, இரண்டாகக் கணக்கு, இன்னொருவர் காசிமாயனின் மச்சான், அவர் உடம்புக்கு எப்படியும் ஒன்றரை என்று தெரு தீர்த்துக்கொண்டது. இன்னொரு நாள் பதினெட்டுப் பேர் ஏறியும் வண்டி நின்றது. சுருளிவேல் வழக்கம்போல, "உள்ள போங்க, இன்னும் ரெண்டு பேர்" என்று சொல்லிக்கொண்டேயிருக்க, பத்தொன்பதாவது ஆள் காலை மிதித்ததும் எவனோ, "யோவ் போதும்யா, நீ பஸ்ஸா ஓட்டுற?" என்று கத்தினான். அன்றைக்குக் கூட்டத்தில் பன்னிரண்டு பேர் ஓட்டுரிமை இல்லாத சின்னப் பிள்ளைகள், அவர்கள் அரை டிக்கெட் என்று கணக்குச் சரி செய்யப்பட்டது. மணியக்காவின் முன்னால் சொல்லக் கூடாத சொல் என்று தெருவுக்குத் தெரியும். இடுப்போ காலோ நசுங்கும்போது மட்டும்தான் அது மறந்தது.

"மணியக்கா, நீ ஏறுனா ஆள் சரியாப் போயிரும்," என்று ஒவ்வொரு முறையும் கூப்பிட்டார்கள்.

"எனக்கு மலை ஆகாதாம்," என்றாள் அவள் ஒவ்வொரு முறையும்.

"நாங்க தாலுகா ஆபீசுக்குல்ல போறோம்?"

"அதுவும் ஆகாதாம்."

சித்திரையில் மலைக்கு அந்தப் பக்கம் பூப்பாறையில் ஒரு கல்யாணம் வந்தது. சுருளிவேல் முதல் தடவையாகத் தானாக முன்வந்து ஆள் சேர்த்தார். மண்டபத்தில் அவர்களை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பி, அந்தத் தடத்தில் ஏறிவிடலாம் என்பது அவருடைய திட்டம். இறக்கிவிட்டதும் வண்டி மண்டப வாசலிலேயே நின்றுவிட்டது. தாலி கட்டி, மொய் எழுதி, மூன்று பந்தி முடிந்து, பெண் வீட்டார் அழுது, சீனித்தாய் தன் ஒன்றுவிட்ட தங்கையைத் தேடிப் பிடித்துப் பேசி முடித்து, எல்லோரும் வெற்றிலை மென்றுகொண்டு வருகிற வரைக்கும் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு வண்டியிலேயே பாயசம் வந்தது.

திரும்பும் வழியில் அந்த வளைவில் நிறுத்தினார். தடத்தின் வாயில் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பம் நட்டிருந்தார்கள், சிமெண்ட் ஈரமாக இருந்தது, குறுக்கே போட வேண்டிய குழாய் புல்லில் கிடந்தது. பக்கத்தில் நின்ற வனக்காவலர், வீரபாண்டித் திருவிழா முடிந்த திங்கட்கிழமை குழாயை மாட்டிப் பூட்டிவிடுவோம், அப்புறம் யாரும் போக முடியாது என்றார். இப்போது போகலாமா என்று சுருளிவேல் கேட்டார். தாராளமாகப் போங்கள், அங்கே ஒன்றும் இல்லை என்றார் காவலர்.

"எல்லாரும் கொஞ்ச நேரம் எறங்கி நில்லுங்கப்பா," என்றார் சுருளிவேல். இறங்கினார்கள். சாலையோரச் சுவரில் உட்கார்ந்து கல்யாண வீட்டு முறுக்கைக் கடித்தார்கள். அவர் கியரைப் போட்டார். வண்டி உறுமி நின்றது. அவர் ஸ்டியரிங்கைக் குத்தினார், தகரத்தைத் தட்டினார், விசிலை ஊதினார், ரைட் என்றார், போடா என்றார், ஐயா என்றார். பதின்மூன்று பேரும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, ஏறட்டுமா?" என்றார் காசிமாயன்.

ஏறினார்கள், நெருக்கினார்கள், யாரோ கத்தினார்கள், வண்டி கிளம்பியது. ஏறிய ஆளோடேயே தடத்தில் திருப்பினார் சுருளிவேல். பத்தடி போவதற்குள் பின்னாலிருந்து சீனித்தாய் அவர் தோளைத் தட்டினாள். "என்னண்ணே இங்கிட்டு? குழாயில தண்ணி வர்ற நேரம்ணே. இன்னைக்கு விட்டா மூணு நாளைக்குத் தண்ணி இல்ல." உடனே பதின்மூன்று பேருக்கும் தண்ணீர் ஞாபகம் வந்தது. பாரம் தாங்காமல் பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை டப்பென்று முறிந்தது. சுருளிவேல் வண்டியைப் பின்னால் எடுத்து, சாலைக்கு வந்து, மலையிறங்கி, தெருமுனையில் அவர்களை இறக்கினார். தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

அதனால்தான், வீரபாண்டித் திருவிழாவுக்குப் போக வண்டி கேட்டு வந்தபோது அவர் முடியாது என்றார். முடியாது என்பதை அவர் வீட்டுக்குள்ளிருந்து கத்திச் சொன்னார்.

"இது என் வண்டி! ஒரு பட்டை ஒடிஞ்சு மாத்தியிருக்கேன். எந்த நாயும் ஏறக் கூடாது!"

"ஒங்க வண்டிதாண்ணே. யாரு இல்லைன்னா?" என்றார் காசிமாயன், புண்பட்ட குரலில். "வண்டி ஒங்களது. ஆளு எங்களது."

தெரு மினி பஸ் பிடித்துப் போனது. திருவிழாவின் கடைசி ஞாயிறு, மறுநாள் குழாய் மாட்டப்போகிற நாள், வெயில் ஏறிய நேரம். தெருவில் எல்லா வீடும் பூட்டிக் கிடந்தது, டீக்கடை பாய்லரில்கூடச் சூடு இல்லை. வண்டியை நிறைக்கப் பதினாலு பேர் என்ன, எண்ணிப் பார்க்க நாலு பேர் அங்கே இல்லை. சுருளிவேல் அது தெரிந்தே வண்டியில் ஏறினார். கொக்கியிலிருந்து துணிக்கொடி அவிழ்க்கப்பட்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. ஸ்டார்ட் செய்தார், கியரைப் போட்டார், கிளட்சை விட்டார், நின்றது. முப்பது வருடம் பார்த்த தடம் நாளையோடு முடிந்தது. அவர் நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார்.

இடப்பக்கம் வண்டி லேசாகச் சாய்ந்தது. போதுமணி ஒரு கையில் தூக்குப் போசியோடும் இரண்டு தட்டுகளோடும் ஏறி, டூல் பாக்ஸின் மூடி மேல் உட்கார்ந்து, சேலையை இழுத்துக் காலுக்கடியில் விட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"வண்டியில ஏறுனவ எங்க கிளம்புவா?"

"ஒன்னையும் சேத்து ரெண்டு. இன்னும் பன்னெண்டு ஆள் வேணும். எறங்கு, மணி. எரிச்சலக் கெளப்பாத. ஒனக்குத்தான் மலை ஆகாதே."

"யாரு சொன்னா?"

"வாந்தியெடுத்தியே!"

"ஒரு தடவ. கல்யாணமான புதுசுல, உங்க பஸ்ஸுல. உங்க பஸ்ஸுலயே எனக்கு உக்கார எடம் இல்ல. நின்னுக்கிட்டே வந்தேன். வளைவுல ஒருத்தன் என் மேல சாஞ்சு கெடக்கான், நீங்க வாசல்ல நின்னுக்கிட்டு என்ன சொன்னீங்க தெரியுமா? இன்னும் ரெண்டு பேர் ஏறலாம்னு." அவள் எதிரே பூட்டியிருந்த டீக்கடையைப் பார்த்துப் பேசினாள். "அதுல வந்த வாந்தி அது. மலையில வந்ததில்ல."

சுருளிவேலுக்கு அந்தப் பயணம் ஞாபகம் இல்லை. பஸ் நிறைந்த நாட்களில் எந்த நாள் என்று தேடுவது?

"சரி," என்றார். "என்ன செய்யச் சொல்ற? ஆள் இல்லாம இது நகராது."

"இது ஆளை எண்ணல."

"பின்ன?"

"ஸ்டாண்டுல ஜீப்புக்கு ஆள் ஏத்திவிடுறவன் என்ன சொல்லி அனுப்புவான்?"

"ரைட்டுன்னுதான்."

"அது உங்க பஸ்ஸுக்கு. இங்க அவன் எட்டிப் பாப்பான். இனி ஒருத்தரு ஏறுனா பட்டை ஒடிஞ்சிரும்ங்கறப்ப, தகரத்துல தட்டி ஒரு சொல்லு சொல்லுவான். அதக் கேட்டாத்தான் டிரைவர் எடுப்பான். இந்த வண்டி அதத்தான் கேட்டுக்கிட்டு நிக்கிது. பதினாலுமில்ல, பதினெட்டுமில்ல. ஒவ்வொரு தடவையும் யாராச்சும் நசுங்கி அந்தச் சொல்லைக் கத்துனாங்க, அது போச்சு."

சுருளிவேல் சீனித்தாயின் இடுப்பையும், நிறைமாதக்காரியையும், மிதிபட்ட காலையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். முகம் மெல்லச் சிவந்தது.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"படம் எடுக்க வந்த அன்னைக்கே. அந்தச் சொல்லு காதுல விழுந்தா எனக்குத் தல தன்னால திரும்பும். இந்தத் தெருவுல அதுக்குத் திரும்புறவ நான் ஒருத்திதான்னு இருந்தேன். அன்னைக்கு எங்கூடச் சேந்து இதுவும் திரும்புச்சு."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?" அவர் கத்தினார். வெறும் தெருவில் அது நெடுந்தூரம் போனது. "கியர் பாக்ஸ ரெண்டு தடவ எறக்கி ஏத்துனோம்! மணல் சுமந்தேன்! ஆட்டுப் புழுக்கை அள்ளுனேன்! அந்தக் கல்யாணத்துல நாளு முழுக்க நாய் மாதிரி வாசல்ல..."

"ஒத்தையாப் போகணும்னு ஒத்தைச் சீட்டு வாங்கிட்டு வந்தீங்கல்ல? ஒத்தையாவே கண்டுபிடிங்கன்னு விட்டேன்."

எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. போதுமணி தூக்குப் போசியை எடுத்து மடியில் வைத்தாள்.

"இப்பத்தான் தெரிஞ்சிருச்சே. நான் எறங்கிக்கிறேன். சொல்லிட்டுக் கிளம்புங்க. கேட்டாலும் நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்." அவள் ஒரு காலை வெளியே தொங்கவிட்டாள். உயரமான வண்டி, காலுக்குத் தரை எட்டவில்லை.

ஒரு சொல்தான். அவள் இறங்கியதும் சொன்னால், முப்பது வருடம் அவர் கேட்டது கிடைத்துவிடும். பக்கத்தில் ஒருவரும் இல்லை, பின்னால் ஒருவரும் இல்லை, தடம் திறந்திருக்கிறது. சுருளிவேல் வாயைத் திறந்தார். அந்த வாய்க்கு அந்தச் சொல் வரவில்லை. வந்தது வேறு.

"உள்ள போ," என்றார். பிறகு, "உள்ள தள்ளி உக்காரு, மணி. விழுந்துருவ," என்றார்.

அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். சுருளிவேல் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அவளைப் பார்த்தார்.

"நான் சொல்ல மாட்டேன். சொல்றதுன்னா நீயே சொல்லு."

போதுமணி திரும்பி, பின்னால் வெறுமையாகக் கிடந்த இரண்டு பெஞ்சுகளையும், பூட்டிய வீடுகளையும், வெயிலையும் பார்த்தாள். பிறந்ததிலிருந்து தன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த அந்தச் சொல்லை அவள் அதுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"ரெண்டு பேரு," என்றாள். "போதும்."

ஜீப் புறப்பட்டது.

அன்று மாலை மினி பஸ்ஸில் வந்திறங்கிய தெரு, காலியான கொட்டகையைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல ஒரு கணக்குச் சொல்லியது. புருஷனும் பொண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டு ஏறினால் அந்தக் கனம் பதினாலு பேருக்குச் சமம் என்றார் காசிமாயன். அதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். மறுநாள் காலையில் கொட்டகை இன்னும் காலியாகவே இருந்ததைப் பற்றியும், குழாய் மாட்டப் போன வனக்காவலர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தடத்தின் வாயில் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது என்பதைப் பற்றியும் அவர்களிடம் கணக்கு எதுவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாறையைச் சுற்றி ஏறியதும் தடம் ஒரு புல்மேட்டில் முடிந்துவிட்டது. காவலர் சொன்னது சரிதான், அங்கே ஒன்றும் இல்லை. ஒரு கல் கிடந்தது, காற்று அடித்தது, கீழே மலைப்பாதை மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. அதில் ஒரு பஸ் எறும்பு மாதிரி ஏறி வந்து, வளைவில் திணறித் திரும்பியது. வாசல் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற ஒரு ஆள் காக்கிப் புள்ளியாகத் தெரிந்தான். அவன் சொல்வது இங்கே கேட்காது. ஆனாலும் சுருளிவேலின் உதடு அசைந்தது.

போதுமணி கல்லின் மேல் தட்டை வைத்துப் புளியோதரையை எடுத்து வைத்தாள். வழக்கமாக அவர் உள்ளங்கை விரிகிற அளவு வந்தது. விரியவில்லை. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வைத்தாள்.

அவர்களுக்குப் பின்னால் ஜீப் எஞ்சின் அணையாமல் உறுமிக்கொண்டு நின்றது. அது கேட்க வேண்டிய சொல் இப்போது இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.